சல்லடைத் தகட்டில் கேட்ட பேச்சு

அர்த்தநாரிக் கவுண்டர் வந்தால் ஆளுக்கு முன்னால் அவர் குரல் வந்து சேரும். சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நான் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். தெருமுனையில் நின்று அவர் “கலீலுல்லா பாய் இருக்கறீங்களா” என்று கேட்டால் எங்கள் வரிசையில் உள்ள அத்தனை கடைக்காரர்களும் எட்டிப் பார்ப்பார்கள். சண்டைக்கு வந்த ஆள் இல்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் விசைத்தறிப் பட்டறை வைத்திருந்த மனுஷன். ஓடுகிற தறிகளுக்கு நடுவே இருபது வருஷம் பேசிப் பழகியவர்கள் வீட்டிலும் வீதியிலும் அப்படித்தான் பேசுவார்கள். தாங்கள் கத்துகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. நானும் பல தடவை சொல்லிப் பார்த்தேன். “நான் எங்கீங்க கத்தறேன்” என்று அதையும் கத்தித்தான் கேட்பார்.

எண்பத்தொன்றாம் வருஷம் ஆடி மாதம் தன் வீட்டு வால்வு ரேடியோவைத் துண்டில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜை மேல் வைத்தார். பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. வருஷா வருஷம் அதைத் திறந்து துடைத்துக் கொடுக்கிறவனே நான்தான், எனக்குத் தெரியாதா? ஆனால் அதை யாருக்காவது விற்றுவிடுங்கள் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, “என்ற ஊட்டுக்காரிக்கு இனி ரேடியோவே வேண்டாமாம் பாய்” என்றார்.

அவர் மனைவி செல்லாயி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புருஷனுக்குச் சமமாகத் தறியில் நின்றவர். சாயங்காலம் தறி நின்றதும் புருஷனும் பெண்டாட்டியும் ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். ரேடியோவில் நாடகம் போட்டால் மறுநாள் அந்தத் தெருவுக்கே செல்லாயிதான் கதை சொல்லுவார், அழுகிற இடத்தில் அழுது, ஏசுகிற இடத்தில் ஏசி. அப்படிப்பட்டவருக்கு இரண்டு மூன்று வருஷமாகக் காது போய்க்கொண்டிருந்தது. முழுச் செவிடு இல்லை. கதவு சாத்தினால் கேட்கும், நாய் குரைத்தால் கேட்கும். ஆள் பேசினால் இரைச்சலாக ஏதோ வருமாம், அதில் ஒரு வார்த்தையும் பிரிந்து வராதாம். “சத்தம் கேக்குது, பேச்சு கேக்க மாட்டீங்குது” என்று அவரே சொல்லுவார்.

நான் ரேடியோவை விற்கவில்லை. முதலில் டாக்டரிடம் காட்டலாம் என்று சொல்லி இரண்டு பேரையும் அஸ்தம்பட்டியில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மனிதர், பொறுமையாகப் பார்த்தார். தறிச் சத்தத்தில் நரம்பு கெட்டுவிட்டது, திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். ஒரு காதுக் கருவியை ஏற்கெனவே வாங்கி மாட்டிப் பார்த்ததையும், அதில் இரைச்சல்தான் கூடியது என்று செல்லாயி அதைக் கழற்றி அஞ்சறைப் பெட்டிக்குள் போட்டதையும் சொன்னோம். அப்படித்தான் ஆகும் என்று தலையாட்டினார். வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேசக் கூடாது, எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேச வேண்டும் என்று அழுத்திச் சொன்னார்.

வெளியே வந்து டவுன் பஸ்ஸில் ஏறியதும் அர்த்தநாரி என்னிடம், “டாக்டரு சத்தம் போடக் கூடாதுன்னு சொல்றாருங்க பாய். இதை மொதல்ல எங்க பட்டறை ஆளுகளுக்குச் சொல்லோணும்” என்றார். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் இன்னொன்றும் தெரிந்தது. செல்லாயி பொங்கல் முடிந்ததும் சேந்தமங்கலத்தில் இருக்கிற தன் அண்ணன் ராசு வீட்டோடு போய்விடுவதாக முடிவு செய்துவிட்டாராம். ஒரே மகன் போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடநாட்டில் கிடக்கிறான். இந்த வீட்டில் தன்னால் யாருக்கும் நிம்மதி இல்லை, தன்னைக் கண்டாலே எல்லாருக்கும் எரிச்சல், கொல்லிமலை அடிவாரத்தில் மாட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். அர்த்தநாரி எத்தனையோ கெஞ்சியும் அசையவில்லை. யாருக்கு எரிச்சல், யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவாராம். “அவ போயிட்டா அந்த ஊட்டுல எனக்கு என்னங்க பாய் வேலை” என்று கேட்ட மனுஷனைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

சூரமங்கலத்தில் ரயில்வே ஆபீசர் ஒருவர் வீட்டில் எனக்கு அன்றைக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர் வேலை இருந்தது. இவர்களும் ஜங்ஷனில்தான் பஸ் மாற வேண்டும் என்பதால் என்னோடு வந்து ஆபீசர் வீட்டு வராண்டாவில் உட்கார்ந்தார்கள். நான் உள்ளே போய்ப் பழுது பார்த்தேன். அந்த ஆபீசர் வெளிநாடு போனபோது ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கி வந்திருந்தார். பெட்டி கிடையாது, கூம்பு கிடையாது. கதவு உயரத்துக்கு இரண்டு பலகை, அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபையர் சரியானதும் ரேடியோவைப் போட்டார். ஒரு அம்மா வானிலை வாசித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா அந்த அறைக்குள்ளேயே நிற்கிறார் என்று சத்தியம் பண்ணலாம், அப்படி இருந்தது குரல்.

வராண்டாவிலிருந்து செல்லாயி எழுந்து வந்து வாசற்படியில் நின்றார். நின்றவர் புருஷனைப் பார்த்து, “நாகப்பட்டணத்துப் பக்கம் மழை வருதாமுங்க” என்றார்.

அர்த்தநாரி எழுந்து ஓடி வந்தார். இரண்டு வருஷமாக அந்த அம்மணி ரேடியோவில் கேட்ட ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னதில்லை.

ஆபீசர் தங்கமான மனிதர். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு பலகையின் பின்மூடியைக் கழற்றியே காட்டினார். இரண்டு ஓட்டைத் தகடுகள். நடுவில் மிக மெல்லிய ஒரு தாள். தாளில் கரண்ட் ஏற்றி வைத்துத் தகடுகளில் பாட்டையோ பேச்சையோ அனுப்பினால் தாள் முழுவதும் ஒன்றாக அசையும், அந்த அசைவுதான் ஒலி. நம் கூம்பு ஸ்பீக்கரில் பேச்சு நின்ற பிறகும் கூம்பு ஆடும், பெட்டியும் தன் பங்குக்கு உறுமும். ஒரு எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் மேல் விழும். கனமே இல்லாத இந்தத் தாள் பேச்சு நின்ற இடத்தில் தானும் நின்றுவிடும். அதனால்தான் கெட்டுப்போன காதுக்கும் வார்த்தை பிரிந்து கேட்டது. ஆபீசருக்கு அடுத்த வாரமே மாற்றல். சாமான் எல்லாம் கட்டியாகிவிட்டது. பேப்பரில் படம் மட்டும் போட்டுக் கொடுத்தார்.

ஜங்ஷன் வாசலில் வைத்து அர்த்தநாரி சொன்னார், “இதை நாமளே பண்ணிப்போடலாமுங்க பாய். பொங்கலுக்குள்ள பண்ணோணும்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மைக்செட்டுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டிக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம் ஊரைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதுதான். வெளிநாட்டுக்காரன் பெரிய ஆலை வைத்துச் செய்வதைத் தறிப்பட்டறையில் வைத்துச் செய்யலாம் என்கிறாரே இந்த மனுஷன், ஆயிரக்கணக்கான வோல்ட், தொட்டால் ஆள் காலி என்று பொரிந்து தள்ளினேன். அவர் ஒன்றையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒற்றைக்காலில் நின்றார். சரி, ஒரு தடவை செய்து கெட்டுப்போனால் தானாக விட்டுவிடுவார் என்று நானும் தலையாட்டித் தொலைத்தேன். விடுகிற ஆளா அவர்?

சாமான் சேர்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஓட்டைத் தகடு, ஆத்தூர் ரோட்டில் ஒரு ஜவ்வரிசி ஆலையிலிருந்து வந்தது. மணியைப் பெரிசு சிறிசு பிரிக்கிற சல்லடைத் தகடு. தாள், சேலத்தில் ஜரிகை நூல் போடுகிறவரிடமிருந்து. மினுமினுப்புப் பூச்சு ஏற்றுவதற்கு முன்னால் இருக்கிற பாலியஸ்டர் தாள், வெங்காயத் தோலைவிட மெல்லிசு. சட்டத்தை நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற ஆசாரி அடித்துக் கொடுத்தார். லாரிக்கு அடித்த கை, அதனால் ஒவ்வொரு சட்டத்தையும் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. பழைய மைக்செட் ஆம்ப்ளிஃபையர்களின் டிரான்ஸ்பார்மரைத் திருப்பிப் போட்டு வோல்ட்டை ஏற்றும் வேலை என்னுடையது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா தொழுகை முடித்துக் கடையைப் பூட்டிவிட்டுத் திருச்செங்கோடு பஸ் ஏறுவேன். திட்டிக்கொண்டே போவேன், திட்டிக்கொண்டே திரும்புவேன். ஆனாலும் ஒரு வெள்ளிகூடப் போகாமல் இருந்ததில்லை.

முதல் பலகைக்குக் கரண்ட் கொடுத்ததுமே படபடவென்று பொறி பறந்து தாளில் ஓட்டை விழுந்தது. தகட்டில் துளை அடித்தால் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் பிசிறாகவும் இருக்கும். ஆலையில் மணி உருளுகிற வழவழப்புப் பக்கம் வெளியே தெரியும்படி வைப்பார்கள். அதே நினைப்பில் அர்த்தநாரியும் வழவழப்பை வெளியே வைத்துப் பிசிறைத் தாள் பக்கம் திருப்பிவிட்டார். ஒவ்வொரு பிசிறும் பொறியை இழுத்தது. கழற்றி, அரம் போட்டுத் தேய்த்து, மோட்டார் காயிலுக்குப் பூசுகிற வார்னிஷில் முக்கி, காய வைத்துத் திருப்பிப் பூட்டினோம்.

அடுத்து தாள். தாளை இழுத்துக் கட்டுகிற வேலையை என்னிடம் விடவே மாட்டேன் என்றார். இழுத்துக் கட்டுவதில் தறிக்காரனுக்கு யார் சொல்லித்தர முடியும் என்று ஒரே வீறாப்பு. தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டுகிற மாதிரியே கட்டினார். நீளவாக்கில் விண்ணென்று, அகலவாக்கில் ஒன்றுமில்லை. துணிக்குச் சரி, அங்கே அகலத்தைக் குறுக்கே ஓடுகிற ஊடை நூல் பார்த்துக்கொள்ளும். தாளுக்கு ஊடை ஏது? கரண்ட் கொடுத்ததும் தொய்வாக இருந்த இடம் போய்த் தகட்டில் ஒட்டிக்கொண்டது. விறைப்பாக இருந்த இடம் எந்தக் குரல் வந்தாலும் ஒரே சுருதியில் கிய்யென்று கத்தியது. நான் சொன்னேன், அவர் இன்னும் இறுக்கினார். தாள் கிழிந்தது. மறுபடி இறுக்கினார், மறுபடி கிழிந்தது. அவருக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான், இறுக்குவது.

கார்த்திகையில் அந்த ஊர் மாரியம்மன் கோயில் திருவிழா, அவர்கள் பேச்சில் நோன்பி, வந்தது. தப்பட்டைக்காரர்கள் தீ மூட்டித் தோலைக் காட்டி, சுற்றிச் சுற்றித் தட்டிச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அர்த்தநாரி சாமி கும்பிடப் போனவர் கும்பிடாமல் அவர்கள் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். மறுவாரம் நான் போனபோது தாளை நான்கு பக்கமும் ஒரே அளவாக இழுத்து ஒட்டி, இஸ்திரிப் பெட்டியின் அனலை மேலாகக் காட்டி, எங்கே தட்டினாலும் ஒரே ஒலி வரும்படி செய்து வைத்திருந்தார். தாளில் கரண்ட் ஏறி நிற்க அதன் மேல் கிராபைட் பொடியைப் பஞ்சில் தொட்டுத் தடவியது மட்டும்தான் என் வேலை. ஒரு வார்த்தை பாராட்டிச் சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை, ‘இப்பவாவது மண்டையில் ஏறிச்சே’ என்றுதான் சொன்னேன்.

அறை இன்னொரு தொந்தரவு. வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். தறி ஓடினால் வீடே அதிரும். கரண்ட் போனால் தறி நிற்கும், ஊரே அமைதியாகும், ஆனால் கரண்ட் இல்லாமல் ஸ்பீக்கர் எப்படிப் பாடும்? கடைசியில் கரண்ட் இருக்கும்போதே, தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் தறியை நிறுத்துவது என்று அர்த்தநாரி முடிவு செய்தார். கரண்ட் இருக்கிற நேரத்தில் தறியை நிறுத்துகிற தறிக்காரனை அந்த ஊர் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கவுண்டருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று டீக்கடையில் என் காதுபடவே பேசினார்கள். அவர் சட்டை செய்யவில்லை. மொட்டைச் சுவரில் எதிரொலி வருகிறது என்று நான் சொன்னதும் பட்டறையில் தள்ளுபடியாகக் கிடந்த துண்டுகளை எடுத்து வந்து பக்கச் சுவர்களில் தொங்கவிட்டார்.

மார்கழியில் இரண்டு பலகையும் தயார். ஒரு பழைய சினிமாப் பாட்டைப் போட்டோம். செல்லாயி முன்னால் உட்கார்ந்து முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை கூடவே முணுமுணுத்தார். முகத்தில் சிரிப்பு. அர்த்தநாரி குதிக்காத குறைதான். எனக்கு மட்டும் சந்தேகம். அந்தப் பாட்டு அவருக்கு மனப்பாடம். பாட்டு பாதியில் போய்க்கொண்டிருக்கும்போது ஆம்ப்ளிஃபையர் குமிழைச் சத்தமில்லாமல் கீழே இறக்கினேன். அறையில் ஒரு சத்தமும் இல்லை. செல்லாயி இன்னும் தலையை ஆட்டி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அர்த்தநாரி அதைப் பார்த்துவிட்டார். பாவி, ஏன் இதைச் செய்தேன் என்று இருந்தது. பிறகு செய்தி போட்டுப் பார்த்தோம். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் அவருக்குப் பிடிபட்டது. சூரமங்கலத்தில் கேட்டது எங்கே, இது எங்கே? எனக்கே அந்தக் குரல் ஏதோ போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரிதான் கேட்டது.

அடுத்த வெள்ளி கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். பலகை இரண்டும் சுவரோடு சுவராக ஒட்டி நின்றன. முன்பே நடு வீட்டில் சுவரைவிட்டு மூன்று முழம் தள்ளி நான் நிறுத்திவிட்டுப் போனவை; போன வாரம் பாட்டுப் போட்டபோதும் சுவரோரமே இருந்திருக்கின்றன, நான்தான் கவனிக்கவில்லை. யார் நகர்த்தியது என்று கேட்டால் செல்லாயி. தினமும் கூட்டிப் பெருக்கிவிட்டு அவற்றைச் சுவரோரம் தள்ளிவைத்திருக்கிறார். நெல் மூட்டையோ பீரோவோ எதுவானாலும் சுவரோரம் இருந்தால்தானே வீடு வீடாக இருக்கும், நடு வீட்டில் எதையாவது நிறுத்தி வைப்பார்களா என்று அவர் நியாயம். சாயங்காலம் பாட்டுப் போட வருகிற அர்த்தநாரிக்கும் அது தப்பாகவே தெரியவில்லை. இந்தப் பலகை முன்னால் எவ்வளவு பேசுமோ பின்னாலும் அவ்வளவு பேசும். பின்பக்கம் திறந்து இருக்க வேண்டும். சுவரில் ஒட்டி வைத்தால் பின்பக்கப் பேச்சு உடனே திரும்பி வந்து முன்பக்கப் பேச்சைக் குழப்பிவிடும். நான் தலையில் அடித்துக்கொண்டு, கையாலும் காலாலும் அந்த அம்மணிக்கு விளக்கினேன். சாக்பீஸால் தரையில் கோடு போட்டேன். கொஞ்ச நேரம் என்னையும் பலகையையும் பார்த்தார். கோலமாவு கொண்டு வந்து இரண்டு பலகையின் காலடியிலும் சுற்றிப் புள்ளி வைத்துக் கோலம் போட்டார். கோலத்துக்குள் நிற்கிறதை யாரும் நகர்த்த மாட்டார்கள் அல்லவா? அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் பொங்கல் வந்துவிட்டது. இனிப் பாட்டை நம்பிப் பயனில்லை, தெரிந்த பாட்டைக் காது தானே நிரப்பிக்கொள்கிறது. செய்தியும் வேண்டாம், அந்த ஊர்ப் பேரெல்லாம் அவருக்கு எதற்கு? எந்தக் குரலின் நிஜம் நமக்குத் தெரியுமோ அந்தக் குரலைப் போட்டால்தான் ஸ்பீக்கர் நிஜம் பேசுகிறதா என்று தெரியும். ஆகவே என் டேப் ரெக்கார்டரையும் நல்ல மைக் ஒன்றையும் அவர்கள் வீட்டில் குதிர் மேல் வைத்தேன். தறி ஓடாத ஒருநாள் காலை, பதிவுக்கான இரண்டு பொத்தானையும் அழுத்திவிட்டு, அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு வேலையைப் பாருங்கள், வீட்டுச் சத்தம் எல்லாம் பதியட்டும் என்று அர்த்தநாரியிடம் சொன்னேன். அவர் அழுத்தினார், நிஜமாகவே மறந்தும்விட்டார்.

பொங்கலின் கடைசி நாளான பூப்பொங்கலுக்கு மறுநாள் சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தபோது ராசு வந்திருந்தார். நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். தங்கையின் டிரங்குப் பெட்டி கயிறு கட்டி வாசலில் இருந்தது. கடைசிப் பஸ்ஸுக்குப் போவதாக ஏற்பாடு. செல்லாயி எதிலும் பட்டுக்கொள்ளாமல் சமையல்கட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். அர்த்தநாரி பட்டறைக்குப் போய்த் தறிகளை நிறுத்திவிட்டு வந்தார். ஒரே ஒரு தரம் உட்காரச் சொல்லுங்கள் என்று ராசுவிடம் கேட்டேன். அண்ணன் கையைப் பிடித்துக் கூட்டி வந்ததால் அந்த அம்மணியும் வந்து உட்கார்ந்தார்.

டேப்பைப் போட்டேன். சத்தம் அதிகம் வைக்கவில்லை, ஆள் பேசுகிற அளவுதான். முதலில் கோழி. பிறகு பித்தளைக் குண்டா ஒன்றைத் தரையில் வைக்கிற சத்தம். ராசு திரும்பி நிஜமான சமையல்கட்டைப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டு மாரக்காளின் குரல்.

செல்லாயி நிமிர்ந்தார். “மாரக்கா மோரு கேக்கறா,” என்றார். “பாவம், அன்னைக்குச் சும்மா தலையாட்டிப்போட்டு உள்ள போயிட்டேன். என்ன நெனச்சிருப்பா.”

இது மனப்பாடம் இல்லை. பாட்டும் இல்லை. அர்த்தநாரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் டேப்பில் அவர் குரல் வந்தது. “செல்லாயி” என்று ஒரு அதட்டல். அறையே திடுக்கிட்டது. ராசு முறைத்துப் பார்த்தார். கொலைக் குற்றவாளியை விசாரிக்கிற குரல் அது. அதே குரல் தொடர்ந்து பேசியது: “நீ சாப்பிட்டயா? காலையில இருந்து ஒண்ணுமே தின்னலையே. கால் வீக்கம் எறங்கிச்சா? மாத்திரையப் போட்டயா? வேலை கெடந்தாக் கெடக்கட்டும், சித்த நேரம் உக்காரு சாமி.”

அடுத்து டேப்பில் செல்லாயியின் குரல், பயந்து போய்: “செய்யறேனுங்க, இப்பச் செஞ்சுபோடறேனுங்க.” பின்னால் அவசர அவசரமாகப் பாத்திரம் உருட்டுகிற சத்தம்.

செல்லாயி என்னைப் பார்த்து, “இன்னொருக்காப் போடுங்கண்ணா” என்றார். போட்டேன். கேட்டு முடித்ததும் புருஷன் பக்கம் திரும்பினார்.

“இதைத்தான் தெனமும் கேட்டீங்களா?”

“ஆமா, வேற என்னத்தை” என்று அர்த்தநாரி தன் வழக்கமான குரலில் ஆரம்பித்தார். தன் குரலைத் தானே கேட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“நான் வையறீங்கன்னு நெனச்சேனுங்க,” என்றார் செல்லாயி. “தெனமும் வந்து எதுக்கோ வையறாரு, என்ன தப்புப் பண்ணினேன்னுகூடத் தெரியலையேன்னு நெனச்சேன். அதுதான் கண்ணுல படாம போயிரலாம்னு பாத்தேன்.”

அர்த்தநாரியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. டாக்டர் சொன்னது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். தரையில் தவழ்ந்தே போய் மனைவிக்கு நேர் எதிரில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். மெதுவாகப் பேசி அவருக்குப் பழக்கமே இல்லை, முதல் முறை காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றார்.

“கால் வீக்கம் எறங்கிச்சா, சாமி?”

செல்லாயி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “எறங்கிருச்சுங்க” என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

நான் ஆம்ப்ளிஃபையரை அணைத்தேன். ராசு எழுந்து போய் வாசலில் இருந்த டிரங்குப் பெட்டியைத் தூக்கி வந்து உள்ளே வைத்தார். கடைசிப் பஸ்ஸுக்கு அவர் மட்டும்தான் போனார்.

பலகைகள் அந்தக் கோலத்துக்குள்ளேயே வெகுகாலம் நின்றன. செல்லாயி மறுபடி நாடகம் கேட்டார், மறுபடி தெருவுக்குக் கதை சொன்னார். சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்தப் பட்டறைத் தறிகள் நிற்பது ஊருக்குப் பழகிப்போயிற்று.

மாசி மாதம் அர்த்தநாரி என் கடைக்கு வந்தார். வந்ததே எனக்குத் தெரியவில்லை. மேஜைக்கு முன்னால் நின்று ஏதோ சொன்னார். ரோட்டில் லாரி போகிற இரைச்சலில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. என்ன கவுண்டரே, என் கடையிலாவது கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்களேன் என்று எரிச்சலோடு கேட்டேன்.

அவர் மேஜை மேல் குனிந்து, என் முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொன்னார்: “வேண்டாமுங்க பாய். பழக்கம் விட்டுப்போயிரும்.”